எட்டாவது வள்ளம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வாயில்லாதவன் பிழைக்க முடியாது. மிளகுக்கு விலை கேட்பவனும் கத்துவான், விலை சொல்பவனும் கத்துவான், இரண்டு பேருக்கும் நடுவில் மூட்டை தூக்குகிறவன் வழி விடச் சொல்லிக் கத்துவான். பின்பக்கம் காயலோரமாகப் போனால் சரக்குப் படகுகளைக் கழியால் தள்ளுகிற வள்ளக்காரர்களின் கூச்சல் தனி. இத்தனை இரைச்சலுக்கு நடுவில் காலை முதல் மாலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் செய்யக்கூடிய உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாக்கு மூட்டைக்கு மார்க்கா போடுகிற உத்தியோகம். வெங்கிட்டு அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மார்க்கா என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூட்டை எந்த ஊருக்குப் போகிறது, யாருக்குப் போகிறது என்று அதன் வயிற்றில் கறுப்பு மையால் எழுதுவது. மெல்லிய தகரத்தில் எழுத்து எழுத்தாக வெட்டி, அந்தத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மைக் கட்டையால் ஒற்றி எடுத்தால் ஊர்ப்பெயர் அச்சாக விழும். ஹாம்பர்க், லண்டன், ஜெனோவா, மர்ஸேய். வெங்கிட்டு எறணாகுளத்தைத் தாண்டி வடக்கே போனது ஆலுவா சிவராத்திரிக்கு மட்டும்தான். ஆனால் உலகத்தில் உள்ள துறைமுகமெல்லாம் அவன் கைவழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்குத் திக்குவாய். தெருவில் 'விக்கன்' என்றுதான் கூப்பிடுவார்கள், மலையாளத்தில் திக்குகிறவனுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயரின் முதலெழுத்திலேயே அவன் மாட்டிக்கொள்வான். ரேஷன் ஆபீசில் பெயர் கேட்டபோது "வெ... வெ..." என்று நின்றவனைப் பார்த்துப் பொறுமை இழந்த குமாஸ்தா ஏதோ ஒரு பெயரை எழுதி அனுப்பிவிட்டான். அதைத் திருத்தப் போய்ப் பேசுவதைவிட வேறு பெயரில் அரிசி வாங்குவது மேல் என்று வெங்கிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தான். அப்படிப்பட்ட பிரகிருதி.

சின்ன வயசில் அவன் அம்மா அவனை மிருதங்கத்துக்குச் சேர்த்துவிட்டாள். வாய் பேசாவிட்டால் விரலாவது பேசட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. விரல் பேசியது. செர்லாய் பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் அவன்தான் மிருதங்கம். நாமாவளியைக் கூடவே பாடும்போது ஒரு இடத்திலும் தடுக்காது. பாட்டு முடிந்து "சாயா வேணுமா?" என்று யாராவது கேட்டால் போச்சு, மறுபடியும் பழைய கதை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூனில், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், அவன் வேலை பார்த்த மிளகுக் கம்பெனிக்கு நீலாம்பாள் வந்தாள். காரைக்கால்காரி. அப்பா அங்கே பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர், அம்மாவும் இல்லை, அண்ணன் மர்ஸேயில். அவள் கன்யாஸ்திரீகளிடம் பிரெஞ்சு படித்தவள். இங்கே சித்தி காமாக்ஷியின் வீட்டில் தங்கிக்கொண்டு, கம்பெனியின் பிரெஞ்சுக் கடிதங்களை டைப் அடிக்க வந்திருந்தாள். மாடியில் அவளுக்கு ஒரு மேஜை. கீழே பாண்டிகசாலையில் மிளகும் சுக்கும் அடுக்கியிருக்கிற இருட்டில் வெங்கிட்டு. மாடிக்கும் கீழுக்கும் பதினாறு படி. ஒரு மாதம் வரை அந்தப் படிகளுக்கு ஒரு வேலையும் இல்லை.

முதல் தடவை அவள் இறங்கி வந்தது சண்டை போட.

"என்ன இது, இப்படி வெட்டி வெச்சிருக்கேள்?" என்றாள், மூட்டையைக் காட்டி.

மர்ஸேய்க்குப் போகிற நாற்பது மூட்டை. வாங்குகிறவன் பெயரில் பதினேழு எழுத்துள்ள ஒரு பிரெஞ்சுச் சொல் இருந்தது. ஒரு மூட்டையில் ஒரு வரிக்குப் பன்னிரண்டு எழுத்துத்தான் கொள்ளும். வெங்கிட்டுவின் கணக்கு நேரானது. பன்னிரண்டு எழுத்து மேலே, மிச்சம் ஐந்து கீழே. ஜெர்மன்காரன் பெயரையும் அப்படித்தான் வெட்டினான், இத்தாலிக்காரன் பெயரையும் அப்படித்தான். இதுவரை எந்தத் தேசத்துக்காரனும் வலிக்கிறது என்று அழவில்லை.

"இது அசை நடுவுல விழுந்திருக்கு. ஒரு மூச்சை ரெண்டா வெட்டின மாதிரி. அவா இதைப் பார்த்தாச் சிரிப்பா." அவள் ஒரு சுக்குச் சாக்கின் மேல் உட்கார்ந்து, விரலால் காற்றில் வெட்டிக் காட்டினாள். "அப் - ரொ - வி - ஸியொன். இங்கே நிறுத்தி ஒரு கோடு போடுங்கோ. மிச்சம் கீழே. எழுத்து பதினொண்ணு, கோடு ஒண்ணு. பன்னிரண்டு ஆச்சா?"

ஆச்சு. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. அவனுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. சொல்லுக்குள் மூட்டுகள் இருக்கின்றன, எலும்பை ஒடிக்காமல் மூட்டில் மடக்கினால் போதும் என்பது அதுவரை அவனுக்கு யாரும் சொல்லாத செய்தி.

"ச... ச..." என்றான்.

அவள் காத்திருந்தாள். அதுதான் அடுத்த ஆச்சரியம். அவன் திக்க ஆரம்பித்தால் மட்டாஞ்சேரி முழுவதும் பரோபகாரிகளாக மாறிவிடும். சாயாவா, சாவியா, சாக்கா என்று ஆளுக்கொரு வார்த்தையை எடுத்து வாயில் திணிப்பார்கள். இவள் திணிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவளாக, அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"சரி," என்றான் கடைசியில்.

நாற்பது மூட்டையையும் புரட்டி மறுபக்கம் மார்க்கா போட வேண்டியிருந்தது. பாண்டிகசாலை மேற்பார்வை சங்கரலிங்கம் திருநெல்வேலிக்காரர், கொச்சிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் கோபம் மட்டும் தாமிரபரணித் தண்ணீரில்தான் கொதிக்கும். "டைப் அடிக்க வந்த புள்ள சொல்லுச்சுன்னு நாப்பது மூட்டையப் புரட்டுதியே, என்னடே, உனக்குக் கிறுக்கா?" என்றார். கிறுக்குத்தான். ஆனால் அது அப்போது வெங்கிட்டுவுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு பிரெஞ்சு மூட்டை வந்தால் எங்கே மடக்குவது என்று கேட்க அவன் தகட்டை எடுத்துக்கொண்டு மேலே போவான். அல்லது அவள் கீழே வருவாள். வாரத்துக்கு ஒரு தடவைதான் பிரெஞ்சுச் சரக்கு என்றாலும் எப்படியோ தினமும் ஒரு சந்தேகம் கிளம்பியது.

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், ஒரு மத்தியானம் நல்ல மழை. மின்சாரம் போய்விட்டது. ஓட்டுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. மிளகுத் தூசி அதில் மெள்ள மிதந்தது. நீலாம்பாள் மைக் கட்டையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, "எங்க பள்ளிக்கூடத்துல ஒரு சொல் உண்டு," என்றாள். "பிரெஞ்சுலேயே நீளமானதுன்னு சொல்லுவா. இருபத்தஞ்சு எழுத்து. மூச்சு விடாம சொல்றவாளுக்கு மதர் ஒரு பிஸ்கட் குடுப்பா."

ஒரு பழைய தகட்டின் மேல் சாக்பீஸால் எழுதினாள். அவன் கண்ணுக்கு அது ஒரு சரக்கு ரயிலாகத் தெரிந்தது. அவள் பட்டுப் பட்டென்று கோடு போட்டுப் பிரித்தாள். ஒன்பது துண்டு.

ஆன். தி. கோன்ஸ். தி. த்யு. ஸ்யொ. நெல். ல. மான்.

"முன்னாலேருந்து போனா பயம் வரும். பின்னாலேருந்து கட்டணும்," என்றாள். "மான். நெல்-மான். ஸ்யொ-நெல்-மான். அப்படியே ஒண்ணொண்ணா முன்னாடி சேர்த்துண்டே வரணும்."

நெல்லும் மானும் தெரிந்த சாமான்களாக இருந்தது வெங்கிட்டுவுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. அவள் விடவில்லை. "'ஆன்'னு சொல்லப் போங்கோ. 'ன்' வர்றதுக்குள்ள நாக்கைப் பிடிச்சு நிறுத்திடுங்கோ. மிச்சத்தை மூக்கு பார்த்துக்கும். இந்த ஊர்க்காராளுக்கு மூக்கு எப்பவும் தயார்தானே?" என்று சிரித்தாள். "இந்த 'த்யு' இருக்கே, அது கொஞ்சம் போக்கிரி. வாய்க்குள்ள 'ஈ' சொல்லணும், உதட்டை மாத்திரம் 'ஊ'ன்னு குவிக்கணும். உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு."

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அது அவனுக்குப் புதிதில்லை, பிறந்ததிலிருந்து அதே பிழைப்புத்தான்.

"அந்த 'ல' இருக்கு பாருங்கோ, எட்டாவது துண்டு. எழுதறச்சே உண்டு. பேசறச்சே தூங்கிடும். நெல்-மான்னு ஓடிடுவா. பாட்டுல வந்தா மட்டும் முழிச்சுக்கும்."

வெங்கிட்டுவின் விரல்கள் தாமாகவே சாக்கின் மேல் தட்ட ஆரம்பித்தன. 'ல' முழித்திருந்தால் ஒன்பது, சங்கீர்ணம். அது தூங்கிப்போனால் எட்டு, சுத்தமான ஆதி தாளம். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அவன் வலது கை தொடையில் தாளம் போட்டது. வாய் திறந்தது. அந்த இருபத்தைந்து எழுத்துச் சொல், ஒரு தடங்கல் இல்லாமல், எட்டுத் தட்டுக்கு எட்டு அசையாக, எண்ணெய் போட்ட கதவாகத் திறந்து வெளியே போயிற்று.

இரண்டு பேருமே பயந்து போனார்கள்.

"இன்னொரு தடவை," என்றாள் நீலாம்பாள், மெதுவாக.

சொன்னான். பத்துத் தடவை சொன்னான். சுக்கு அறையிலிருந்து சங்கரலிங்கம் வந்து நின்று, "என்னவே, சாமி கீமி வந்துட்டா?" என்று கேட்டார். கேட்டது பிழையில்லை. அப்படித்தான் இருந்தது அவன் முகம்.

அர்த்தம் என்ன என்று ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது. நிலா, கடல், தூரத்து விளக்கு, இப்படி ஏதாவது இருக்கும் என்று எண்ணியிருந்தான். "'அரசியல் சட்டத்துக்கு விரோதமாக'ன்னு அர்த்தம்," என்றாள் அவள். அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. அந்த அர்த்தத்தை அன்றைக்கே மறந்துவிடுவது என்று தீர்மானித்து, அப்படியே மறந்தும் விட்டான். அர்த்தம் இல்லாமலிருந்தால்தான் அது அவனுடையது. அந்தச் சொல்லை யாரிடமும் எதற்கும் சொல்ல வேண்டியதில்லை. தவறினால் போவது ஒன்றும் இல்லை. அதனாலேயே அது தவறவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இஞ்சிச் சாக்கின் மேல் கால் மணி நேரம் படுப்பது அவன் வழக்கம். அப்போது ஒரு கனவு வரும். ஒரே கனவு, வருஷக்கணக்காக. காயலில் வெள்ளையாகப் பனி. அதற்குள்ளிருந்து ஒன்பது வள்ளங்கள் வரிசையாக வருகின்றன, ஒன்றின் வாலில் ஒன்று கட்டியபடி. ஒவ்வொரு வள்ளக்காரனும் கழியை ஊன்றும்போது தன் அசையைச் சொல்கிறான். ஆன். தி. கோன்ஸ். கரையில் நிற்கிற வெங்கிட்டு எண்ணுகிறான். ஏழு வள்ளம் சத்தத்தோடு போகிறது. எட்டாவது வள்ளத்தில் சத்தம் இல்லை. அதன் வள்ளக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறான். ஆனாலும் வள்ளம் நிற்கவில்லை, முன்னும் பின்னும் இருக்கிறவர்கள் அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிறகு ஒன்பதாவது. மான். பனி மூடிக்கொள்கிறது. விழித்துக்கொண்டால் மனசுக்குள் காரணமில்லாமல் ஒரு சந்தோஷம் இருக்கும். மாடியில் டைப்ரைட்டர் தட்டுகிற சத்தம் கேட்கும்.

இப்படியே நாலு வருஷம் போயிற்று. நாலு வருஷத்தில் ஒரு மனுஷன் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வெங்கிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிட்டான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான், ஆனால் பெரிய தப்பு.

பிரெஞ்சுக்காரர்கள் ஐம்பத்து நாலிலேயே காரைக்காலை விட்டுப் போய்விட்டார்கள் என்றாலும், காகிதத்தில் அவர்கள் போனது அறுபத்திரண்டு ஆகஸ்டில்தான். அன்றைக்கு ஆறு மாதம் தவணை வைத்தார்கள். அங்கே பிறந்தவர்கள் அதற்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியப் பிரஜை. மர்ஸேயிலிருந்து நீலாம்பாளின் அண்ணனிடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதமாக வந்தது. புதுச்சேரிக்குப் போய்க் கையெழுத்துப் போடு. பம்பாய்க்கு வந்து கப்பல் ஏறு. மன்னிக்கு மூன்றாவது பிரசவம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

தனுமாதத்தில், மார்கழிக் குளிரில் ஒரு நாள், நாலு மணி சாயாவுக்கு, காயல் பக்கத்து வாசலில் நின்றுகொண்டு அவள் இதையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"நான் போகணும்னு எல்லாருக்கும் ஆசை. அண்ணாவுக்கு ஆள் வேணும். சித்திக்கு என் ரூம் வேணும். எழுதறா, எழுதறா, எழுதிண்டே இருக்கா. காயிதத்துல வர்றதெல்லாம் உத்தரவுதான். போக வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்ல இந்த ஊர்ல ஒருத்தர் இல்லை." டம்ளரில் மிச்சமிருந்த சாயாவைக் காயலில் ஊற்றினாள். "ஒருத்தர் சொன்னாப் போறும். இருந்துடுவேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தாள். ஆனால் காத்திருந்தாள். அவள் காத்திருக்கும் விதம் அவனுக்குத் தெரியாதா?

வெங்கிட்டு வாயைத் திறந்தான். 'போ' வரவேண்டும். அவனுக்குப் பகரம் பரம வைரி. இரண்டு உதடும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் ஆண்டவனே வந்து இழுத்தாலும் பிரியாது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இருண்டது. சரி, வேறு சொல்லால் சொல்லலாம் என்று 'இருங்கோ'வுக்குத் தாவினான்.

"இ... இ... இ..."

எறணாகுளம் போட் ஊதிக்கொண்டு படகுத்துறையை விட்டுப் போயிற்று. அவள் இன்னும் காத்திருந்தாள்.

"இஞ்சி," என்றான்.

நீலாம்பாள் டம்ளரை வாசல் திட்டில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "இஞ்சி மூணாவது அறையில இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். ஒவ்வொரு படியும் அவனுக்குக் கேட்டது. பதினாறு.

அவனுக்கு அன்றைக்குத் தன் வாயைப் பிய்த்து எறிந்துவிடலாம்போல் இருந்தது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தகட்டைக்கூட எடுத்தான். உலகத்துக்கே எழுதுகிறவன் ஒரு வரி எழுத முடியாதா? ஆனால் காகிதத்தில் வருவதெல்லாம் உத்தரவு என்று அவள் சொன்னது காதில் நின்றது. இன்னொரு உத்தரவைத் தன் கையால் வெட்டிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தகட்டைத் திரும்ப வைத்துவிட்டான்.

மறுவாரம் மர்ஸேய்க்கு இருபது மூட்டை மிளகு. வெங்கிட்டு கம்பெனிப் பெயர் போட்டான், எடை போட்டான், நம்பர் போட்டான். கடைசி வரியில் துறைமுகத்தின் பெயர் போட வேண்டும். தகட்டை வைத்தான், கையில் மைக் கட்டை இருந்தது, ஒற்ற முடியவில்லை. இருபது மூட்டையிலும் கடைசி வரி காலியாகவே நின்றது. சாயங்காலம் வள்ளத்தில் ஏற்ற வந்த ஆட்கள் பார்த்துவிட்டுத் தொடாமல் திரும்பிப் போனார்கள். பஜார் ரோட்டில் அதுதான் முறை. எங்கே போகிறது என்று எழுதாத மூட்டையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

சங்கரலிங்கம் வந்தார். திட்டத்தான் வந்தார், அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஏலே வெங்கிட்டு, ஊர் போடாத மூட்டை எங்கயும் போவாதுலே. இங்கயே கெடந்து புழுத்துரும். போடு, போடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கிட்டு போட்டான். போடும்போது அந்த வாக்கியம் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் போடாத மூட்டை எங்கேயும் போகாது.

மறுநாள் மத்தியானம் இஞ்சிச் சாக்கின் மேல் அதே கனவு வந்தது. ஆனால் வள்ளக்காரர்கள் பிரெஞ்சு பேசவில்லை. முதல் வள்ளக்காரன் கழியை ஊன்றி, 'போ' என்றான். இரண்டாமவன் 'க' என்றான். வேண். டாம். வெங்கிட்டு தூக்கத்திலேயே தொடையில் தட்டினான். நீ. லாம். பாள். ஏழு வள்ளம் போயிற்று. எட்டாவது வள்ளத்தில் யாரோ துண்டால் முகத்தை மூடித் தூங்கினார்கள்.

எழுந்து உட்கார்ந்து எண்ணிப் பார்த்தான். போ - க - வேண் - டாம் - நீ - லாம் - பாள். ஏழு. ஆதி தாளத்தில் எட்டாவது வீச்சு காலியாக நின்றது. மிருதங்கக்காரனுக்கு அது பொறுக்குமா? 'நீலாம்பாளே' என்று போட்டுப் பார்த்தான், நாடகத்தில் கிரீடம் வைத்தவன் பேசுவதுபோல் கேட்டது. அதை எடுத்துவிட்டான். தூங்குகிறது தூங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அதன் பிறகு மூன்று வாரம் காலையில் எழுந்து வாசலில் கோலம் காயும் முன்பே காயலோரம் போய் நிற்பான். பின்னாலிருந்து கட்டினான். பாள். லாம்-பாள். நீ-லாம்-பாள். அவள் பெயரை அவன் அதுவரை வாயால் சொன்னதே இல்லை. தண்ணீரிடமும் நீர்க்காக்கைகளிடமும் சொல்லும்போது ஒரு தடையும் இல்லை. அதனால் ஒன்றும் நிச்சயமாகவில்லை என்பது அவனுக்கும் தெரியும். நீர்க்காக்கை எந்த ஊருக்கும் போவதாகச் சொல்லவில்லையே.

பிப்ரவரி பிறந்தது. நீலாம்பாள் வேலையை விட்டு நின்ற மறுநாள் காலை, ஒரு சுமட்டுக்காரன் தலையில் தகரப் பெட்டி ஒன்று பாண்டிகசாலைக்குள் வந்து இறங்கியது. பின்னால் அவள் வந்தாள். பச்சைப் பெட்டி, புதிதாகச் சாயம் அடித்தது. சுமட்டுக்காரன் போய்விட்டான்.

"சாயங்காலம் ரயில்," என்றாள். "பேரும் ஊரும் எழுதணும். உங்களைத் தவிர வேற யார் எழுதினாலும் அசை நடுவுல வெட்டிடுவா."

சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த நீளக் கவரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். புதுச்சேரியில் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அது.

வெங்கிட்டு பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பச்சை மேல் வெள்ளைதான் எடுக்கும் என்று வெள்ளைச் சாயம் குழைத்தான். தகடுகளைப் பொறுக்கினான். முதல் வரியில் அவள் பெயர். ஒவ்வொரு எழுத்தாக ஒற்றினான். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் சரியாக அந்தப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மிளகுத் தூசி அதில் மிதந்தது. பெயர் முடிந்தது.

மர்ஸேய் தகடு பழைய தகடு. ஆயிரம் மூட்டைக்கு ஒற்றிய தகடு. அதை எடுத்து இரண்டாவது வரியில் வைத்தான். கட்டையைச் சாயத்தில் தோய்த்தான். அப்படியே கை நின்றுவிட்டது.

"ஊர் போடலையே," என்றாள் நீலாம்பாள்.

அவன் கட்டையைக் கீழே வைத்தான். தகட்டை எடுத்து, கவிழ்த்து, பக்கத்தில் வைத்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். பகரம் வந்து இரண்டு உதட்டையும் கவ்விக்கொண்டது. முகம் சிவந்தது. கழுத்து புடைத்தது.

நீலாம்பாள் சுக்குச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். ரயிலுக்குப் போகிறவள் மாதிரி இல்லை. காத்திருந்தாள்.

அவன் கண்ணை மூடினான். பனி தெரிந்தது. வலது கை தொடையில் இறங்கியது. ஒரு சுற்று சும்மா தட்டினான், தட்டு, மூன்று விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. முதல் வள்ளத்தின் மூக்கு பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. அடுத்த சுற்றின் முதல் தட்டு விழுந்தபோது உதடுகள் பிரிந்தன.

"போ."

சுண்டுவிரல். "க."

மோதிரவிரல். "வேண்."

நடுவிரல். "டாம்."

சங்கரலிங்கம் எதையோ சொல்ல வந்தவர் கதவருகே நின்றுவிட்டார்.

தட்டு. "நீ." வீச்சு. "லாம்." தட்டு. "பாள்."

எட்டாவது, வீச்சு. அவன் உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பியது. அங்கே அவனிடம் சொல் எதுவும் இல்லை. வெறுங்கை.

"ம்," என்றாள் நீலாம்பாள்.

முன்னால் விழவில்லை, பின்னால் விழவில்லை. எட்டாவது வீச்சின் மேலேயே விழுந்தது. நாலு வருஷமாக அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தெரியாதா? கண்ணைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். விரித்த அவன் உள்ளங்கையில் அந்த நீளக் கவரை, கையெழுத்துப் போடாததை, வைத்தாள்.

சங்கரலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பெட்டியைப் பார்த்தார். "என்னம்மா, பேரு இருக்கு, ஊரக் காணோம்?" என்றார். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், வாசலில் யாரையோ திட்டுவதற்காக வெளியே போனார்.

வெள்ளைச் சாயம் காயும் வரை இரண்டு பேரும் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, நடைவழியில் கிடந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் காலில் இடிக்கும் என்று, ஆளுக்கொரு பக்கம் வளையத்தைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கி, சுவரோரமாக நகர்த்தி வைத்தார்கள்.